மனைவி, மாமியார், தாய்



1975இல் வெளிவந்த ‘அபூர்வ ராகங்கள்’ படத்தில்தான் ரஜினிகாந்த் முதன்முதலாகத் திரையில் தோன்றினார். கேட்டைத் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே வரும் அந்தத் தாடிக்காரர், கதாநாயகி பைரவியை விட்டுப் பிரிந்துபோன கணவர். பைரவியாக நடித்தவர் ஸ்ரீவித்யா. 1989இல் ‘மாப்பிள்ளை’ வந்தது. அதில் ஸ்ரீவித்யா ரஜினிக்கு மாமியார். 1991இல் ‘தளபதி’. அதில் அவர் ரஜினியைப் பெற்ற தாய். பதினாறே ஆண்டுகளில் ஒரே நடிகருக்கு மனைவி, மாமியார், தாய். பிறந்த வருடங்களைப் பார்த்தால் ரஜினி 1950, ஸ்ரீவித்யா 1953. தாய் மகனைவிட மூன்று வயது இளையவர்.

கணக்கு இதோடு நிற்கவில்லை. 1981இல் ‘நெற்றிக்கண்’ படத்தில் ரஜினியோடு நடித்தவர் மேனகா. நாற்பது ஆண்டுகள் கழித்து 2021இல் வந்த ‘அண்ணாத்த’ படத்தில் மேனகாவின் மகள் கீர்த்தி சுரேஷ் ரஜினிக்குத் தங்கை. அதே படத்தில் மீனாவும் உண்டு. 1984இல் ‘அன்புள்ள ரஜினிகாந்த்’ படத்தில் குழந்தையாக வந்து, 1993இல் ‘எஜமான்’ படத்தில் அவருக்கே மனைவியாகி, பிறகு ‘வீரா’, ‘முத்து’ என்று ஜோடியாகத் தொடர்ந்தவர், ‘அண்ணாத்த’வில் துணைப் பாத்திரமாக வந்துபோனார். குழந்தையும் வளர்ந்து, கதாநாயகியாகி, ஓரத்துக்கும் போய்விட்டது. நாயகன் மட்டும் நாயகனாகவே இருக்கிறார்.

இதில் ரஜினி மீது பழி சுமத்த ஏதுமில்லை. மேடையில் வழுக்கைத் தலையும் நரைத்த தாடியுமாக, ஒரு பொட்டு மேக்கப் இல்லாமல் வந்து நிற்பவர் அவர். அதற்காக அவரை எளிமையின் வடிவம் என்று இந்த ஊர் கொண்டாடுகிறது. கொண்டாடட்டும். ஆனால் அறுபது வயது நடிகை ஒருத்தி அதே மேடைக்கு நரைமுடியோடும் சாயம் பூசாத முகத்தோடும் வந்தால், மறுநாள் பத்திரிகையில் ‘எளிமை’ என்ற சொல் வராது. ‘அடையாளமே தெரியவில்லை’ என்றுதான் வரும். முகத்தைச் சீரமைத்துக்கொண்டு வந்தாலும் வருவது அதே தலைப்புத்தான்.

நடிகைகளின் அழகு அறுவை சிகிச்சை பற்றிப் பேச்செடுத்தால் நம்மிடம் இருப்பது ஒரே கேள்வி. செய்தாரா, செய்யவில்லையா? பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூக்கை அளப்பது, உதட்டை அளப்பது. அதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. அந்த நடிகைக்கு வயதாகிவிட்டது என்று முடிவு செய்தது யார்? கத்தி கடைசியில் வருகிறது. நடிகர் தேர்வுப் பட்டியல் அதற்கு வெகு முன்பே வந்துவிடுகிறது.

இதை நூறாண்டுக்கு முன்பே வெளிப்படையாகச் சொன்னவர் ஒரு மருத்துவர், அதிலும் ஒரு பெண். பாரிஸில் தொழில் செய்த சூசன் நோயல். அந்தக் காலத்தில் உலகிலேயே பேர்பெற்ற நாடக நடிகை சாரா பெர்னார், எழுபதை நெருங்கும் வயதில், 1912இல் அமெரிக்காவிலிருந்து முகத்தோலை இழுத்துத் தைத்துக்கொண்டு ஊர் திரும்பினார். நெற்றியும் கண்ணோரமும் இளமையாகியிருந்தன. கீழ்க்கன்னம் பழையபடியே இருந்தது. இதைப் பார்த்த நோயலுக்கு இந்தக் கலையில் ஆர்வம் பிடித்தது. முதல் உலகப் போரில் குண்டு பட்டு முகம் சிதைந்த வீரர்களுக்குச் சிகிச்சை செய்து கை தேர்ந்தார். 1926இல் அழகு அறுவை சிகிச்சையின் சமூகப் பங்கு பற்றி ஒரு நூல் எழுதினார். அவரிடம் வந்தவர்களில் சீமாட்டிகள் மட்டும் இல்லை. முகத்தில் சுருக்கம் விழுந்ததால் வேலை போய்விடும் என்று பயந்த பெண்களும் வந்தார்கள். நோயல் பெண்களின் ஓட்டுரிமைக்காகக் கொடி பிடித்தவர். சுருக்கத்தை எடுப்பதையும் அவர் பிழைப்பு விஷயமாகவே பார்த்தார். நூறு ஆண்டுக்குப் பிறகும் இதைவிட நேர்மையாக யாரும் பேசிவிட்டதாகத் தெரியவில்லை.

சொல்லாமல் விட முடியாத ஒரு துணுக்கு. இந்தக் கலையின் வேர் நம் பக்கத்தில் இருக்கிறது. ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்பு சுல்தானின் ஆட்களிடம் பிடிபட்டு மூக்கை இழந்தார். பூனாவில் அவருடைய நெற்றித் தோலை இறக்கிப் புது மூக்கு செய்தார்கள். 1794இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் இந்தச் செய்தி படத்தோடு வந்தது. அதைப் படித்துப் பழகி, 1814இல் கார்ப்யூ என்ற ஆங்கில மருத்துவர் லண்டனில் அதே முறையைச் செய்து காட்டினார். அறுந்த மூக்கை ஒட்டவைக்கப் பிறந்த வித்தை, இருக்கிற மூக்கைத் திருத்தும் வித்தையாக ஹாலிவுட்டில் போய் நின்றது.

அங்கே ஸ்டுடியோக்கள் நடிகையின் முகத்தைத் தங்கள் சொத்தாகவே வைத்திருந்தன. மார்கரீட்டா கன்சீனோ என்ற ஸ்பானிய வம்சத்துப் பெண்ணுக்கு மின்சார ஊசியால் முன்நெற்றி முடியை ஒவ்வொன்றாக எடுத்து, நெற்றியை உயர்த்தி, தலைக்குச் சாயம் பூசி, ரீட்டா ஹேவொர்த் என்று பெயரிட்டார்கள். ஜூடி கார்லண்ட் சிறுமியாக இருந்தபோதே மூக்கு வடிவத்தை மாற்ற உள்ளே தகடு வைத்தார்கள், பல்லுக்கு உறை மாட்டினார்கள். 1944 படமொன்றில் டோரதி பொனடெல் என்ற ஒப்பனைக்காரர்தான் ‘இதெல்லாம் உனக்கு வேண்டாம்’ என்று கழற்றிப் போட்டார். மர்லின் மன்றோவின் மருத்துவக் குறிப்புகள் 2013இல் ஏலத்துக்கு வந்தபோது, 1950இல் முகவாயில் செய்த ஒரு திருத்தம் வெளியே தெரிந்தது. அப்போது அவருக்கு வயது 24. முதுமை அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத வயது.

வயதானவர்களுக்கு வேறு வழிகள் இருந்தன. லென்ஸ் மேல் மெல்லிய வலைத்துணியைக் கட்டிப் படம் பிடிப்பது அதில் ஒன்று. 1974இல் ‘மேம்’ என்ற இசைப்படத்தில் அறுபதைக் கடந்த லூசில் பாலை அப்படி மங்கலாக எடுத்ததைப் பார்த்து விமரிசகர்கள் கேலி செய்தார்கள். இன்றைய டிஜிட்டல் கேமராவோ தோலின் துளையைக்கூட எண்ணிக் கொடுத்துவிடுகிறது.

பெட்டி டேவிஸ் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இரண்டு முறை சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் வாங்கியவர். 1962 செப்டம்பரில், தன் 54ஆம் வயதில், ஹாலிவுட்டின் தொழில்முறைப் பத்திரிகைகளில் வேலை கேட்டு விளம்பரம் கொடுத்தார். மூன்று பிள்ளைகளின் தாய், விவாகரத்தானவர், திரையில் முப்பது வருட அனுபவம், நிரந்தர வேலை தேவை என்று வேலை தேடுவோர் விளம்பரப் பாணியில் அச்சாகியிருந்தது. வேடிக்கைக்குத்தான் போட்டேன் என்று பின்னால் சொன்னார். ஊர் சிரித்தது, கூடவே நம்பியும்விட்டது. அடுத்த மாதம் வெளிவந்த படத்தில் அவர் கோரமாகப் பவுடர் அப்பிய முன்னாள் குழந்தை நட்சத்திரமாக வந்தார். வயதான நடிகைக்கு அந்தக் காலம் வைத்திருந்த வேஷம் பைத்தியக்காரி வேஷம். 1950இல் ‘சன்செட் புலவார்’ படத்தில் குளோரியா ஸ்வான்சனுக்குக் கிடைத்ததும் ஏறக்குறைய இதுதான். அந்த நாயகி நார்மா டெஸ்மண்டுக்கு வயது 50. கேமராவின் முன் திரும்பவும் நிற்பதற்காக என்னென்னவோ அழகு சிகிச்சைகளுக்கு அவள் முகத்தைக் கொடுப்பாள். படத்தில் அவளை ஒரு பேய்வீட்டுக் கிழவியாகவே காட்டுகிறார்கள். ஐம்பது வயதுக்கு!

ஆண்களின் கணக்கு வேறு. 1963இல் ‘சரேட்’ படத்தில் கேரி கிராண்டுக்கு 59, ஆட்ரி ஹெப்பர்னுக்கு 34. கிராண்டுக்கே கூச்சமாக இருந்ததால், பெண்தான் அவரைத் துரத்துவதாகக் கதையை மாற்றி எழுதினார்கள். கூச்சப்பட்டாரே, அதற்காகவாவது அவரைப் பாராட்டலாம். 1967இல் வந்த ‘தி கிராஜுவேட்’ படத்தில், மகன் வயதுப் பையனை மயக்கும் நடுவயதுப் பெண்ணாக வந்த ஆன் பேன்கிராஃப்ட், அந்தப் பையனாக நடித்த டஸ்டின் ஹாஃப்மனைவிட ஆறே வயது மூத்தவர். 2015இல் மேகி கில்லன்ஹால் தனக்கு நேர்ந்ததைச் சொன்னார். 55 வயது நடிகருக்குக் காதலியாக நடிக்க 37 வயதான அவர் ரொம்ப மூத்தவராம்.

இப்படிப்பட்ட சந்தையில் 2002 ஒரு முக்கியமான வருடம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, புருவ நடுவில் விழும் கோடுகளுக்கு பொட்டாக்ஸ் ஊசியைப் போட அந்த வருடம் அனுமதி கொடுத்தது. மருந்து அழகுக்காகக் கண்டுபிடித்தது இல்லை. மாறுகண்ணைச் சரிசெய்ய சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட் என்ற கண் மருத்துவர் உருவாக்கியது. 1987இல் கனடாவின் வான்கூவரில் ஜீன் கருதர்ஸ் என்ற கண் மருத்துவர், கண் துடிப்புக்கு இந்த ஊசியைப் போட்டுக்கொண்டவருக்குப் புருவக்கோடும் மறைவதைக் கவனித்தார். கணவர் அலஸ்டேர் தோல் மருத்துவர். இருவரும் சேர்ந்து 1992இல் கட்டுரை வெளியிட்டார்கள். கெட்டுப்போன உணவில் வளரும் ஒரு பாக்டீரியாவின் நஞ்சுதான் இது. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் சமிக்ஞையைத் தடுத்துவிடுகிறது. தசை சுருங்காது, எனவே தோல் மடியாது. மூன்று நான்கு மாதத்தில் வேகம் குறைந்துவிடும். திரும்பவும் ஊசி.

கத்தி வேண்டாம், படுக்கை வேண்டாம், காலையில் போட்டுக்கொண்டு மாலையில் படப்பிடிப்புக்குப் போகலாம். ஆனால் நடிப்புக்கு இதில் ஒரு விலை இருக்கிறது. இந்த ஊசி முடக்குகிற தசை, கோபத்துக்கும் கவலைக்கும் சந்தேகத்துக்கும் வேண்டிய தசை. நம் நடிப்பு மரபில் புருவம் என்பது பாதி வசனம். ‘தில்லானா மோகனாம்பாள்’ பத்மினியின் புருவத்தைக் கட்டிப்போட்டுவிட்டால் அந்தப் படத்தில் என்ன மிஞ்சும்? சாவித்திரியின் அழுகை நெற்றியில் தொடங்கித்தான் கண்ணுக்கு வரும். வயதை மறைக்கிற ஊசி, நடிகையின் பேச்சையும் கொஞ்சம் வாங்கிக்கொண்டுவிடுகிறது. வாய்ப்புக்காக முகத்தை அசையாமல் செய்துகொள்ள வேண்டும், வாய்ப்பு வந்தபின் அந்த முகம் அசைய வேண்டும். இந்த முடிச்சை எந்தத் தயாரிப்பாளரும் தன் பிரச்சினையாக எடுத்துக்கொண்டதில்லை.

அறுவை சிகிச்சைக்கு வேறொரு விலை. 1987இல் ‘டர்ட்டி டான்சிங்’ படத்தால் உலகப் புகழ் பெற்ற ஜெனிஃபர் கிரே, பிறகு இரண்டு முறை மூக்கைத் திருத்திக்கொண்டார். அவரோடு பழகியவர்களுக்கே அவரை அடையாளம் தெரியவில்லை. 2022இல் எழுதிய சுயசரிதையில் இதை விரிவாகச் சொல்லியிருக்கிறார். மூக்கில் எந்தக் கோணலும் மிஞ்சவில்லை. ஆனால் ரசிகர்கள் காசு கொடுத்துப் பார்த்தது அந்தக் கோணல் மூக்கைத்தான். ஜேமி லீ கர்ட்டிஸுக்கு நேர்ந்தது இன்னும் மோசம். 25 வயதில் ஒரு படத்தின் ஒளிப்பதிவாளர், கண்ணுக்குக் கீழே வீங்கியிருக்கிறது, இன்று இவரை எடுக்க முடியாது என்றார். படம் முடிந்ததும் கண்ணில் சிகிச்சை செய்துகொண்டார். வலிக்குக் கொடுத்த மாத்திரை பழக்கமாகி, பல ஆண்டு அடிமையாகி, 1999இல்தான் வெளியே வந்தார். வயிற்றை உள்ளிழுத்துக்கொள்ளாமல் நடித்த படத்துக்காக 2023இல் அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது. அப்போது வயது 64. அதே படத்துக்காக 60 வயது மிஷேல் யோ சிறந்த நடிகையானார்.

செய்துகொள்ளாவிட்டால் ஒரு அடி, செய்துகொண்டால் இன்னொரு அடி. 2014 ஆஸ்கர் மேடைக்கு 81 வயது கிம் நோவாக் வந்தார். ஹிட்ச்காக்கின் ‘வெர்ட்டிகோ’ நாயகி. ஒரு ஆண் தன் மனதிலிருக்கும் பெண்ணின் சாயலுக்கு இன்னொருத்தியின் முடியையும் உடையையும் மாற்றி மாற்றி அவளை வதைக்கும் கதை அது. மேடையில் அவர் முகத்தைப் பார்த்ததும் ட்விட்டரில் ஏச்சும் பேச்சும் கிளம்பின. மருத்துவர் மேல் வழக்குப் போடட்டும் என்று எழுதியவர்களில் டொனால்ட் டிரம்ப்பும் ஒருவர். கன்னத்தில் கொழுப்பு ஊசி போட்டுக்கொண்டதை மறைக்காத நோவாக், இது கொடுமைப்படுத்துதல் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். அதே வருடம் அக்டோபரில் ரெனே ஸெல்வெகரின் முகம் மாறிவிட்டதென்று உலகப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. 2016இல் அவர் தன் பெயரில் கட்டுரை எழுதி, கண்ணில் எந்தச் சிகிச்சையும் செய்துகொள்ளவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. 2020இல் அவர் ஆஸ்கர் வாங்கியது எந்த வேஷத்துக்கு என்றால், மூக்கில் தகடு வைக்கப்பட்ட அந்த ஜூடி கார்லண்ட் வேஷத்துக்கு.

நம் பக்கம் வருவோம். இங்கே ஒளிவுமறைவு அதிகம். வதந்தியும் அதிகம். ஸ்ருதி ஹாசன் 2020இல் தன் சமூக ஊடகப் பக்கத்தில், ஆமாம், பிளாஸ்டிக் சர்ஜரி செய்திருக்கிறேன், வெட்கப்படவில்லை, இதைச் செய்யுங்கள் என்று யாருக்கும் சொல்லவும் இல்லை என்று எழுதினார். தமிழ்த் திரையுலகில் அவ்வளவு நேராகப் பேசியவர்கள் மிகக் குறைவு. விஜய்யோடு ‘தமிழன்’ படத்தில் அறிமுகமான பிரியங்கா சோப்ரா, மூக்கினுள் வளர்ந்த சதையை எடுக்கும்போது மருத்துவர் கை தவறி மூக்குத் தண்டு சரிந்ததையும், கையிலிருந்த படங்கள் போனதையும் 2021இல் வந்த தன் நூலில் எழுதினார். அழகுக்காகச் செய்தார் என்று அதுவரை பேசிய வாய்கள் பிறகும் மூடவில்லை.

சிலர் திரும்பி வரவேயில்லை. தெலுங்கில் முன்னணியில் இருந்து, தமிழில் ‘பம்பரக் கண்ணாலே’ படத்தில் நடித்த ஆர்த்தி அகர்வால், கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன் செய்துகொண்ட சில வாரங்களில், 2015 ஜூனில் அமெரிக்காவில் இறந்தார். வயது 31. கன்னடத் தொலைக்காட்சி நடிகை சேத்தனா ராஜ் 2022இல் பெங்களூரில் இதேபோன்ற கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் பின் இறந்தபோது வயது 21. இருவரும் முதுமைக்குப் பயந்து போனவர்கள் இல்லை. கேமரா கேட்கும் உடம்புக்காகப் போனவர்கள்.

ஸ்ரீதேவி 2018 பிப்ரவரியில் துபாயில் இறந்தார். தவறி நீரில் மூழ்கி இறந்தார் என்று அந்நாட்டு அதிகாரிகள் அறிவித்தார்கள். அதற்குள் எத்தனை தொலைக்காட்சிகளில் அவர் மூக்கும் உதடும் விவாதப் பொருளாயின! ‘மூன்று முடிச்சு’ படத்தில் 13 வயதில் ரஜினிக்குச் சிற்றன்னையாக நடித்தவர். பெண்ணின் வயதை நம் சினிமா எப்போதுமே இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைத்திருக்கிறது. அவரும் தன் பங்குக்குக் கொஞ்சம் குறைத்துக்கொண்டிருந்தாலும், அது யாருக்கு என்ன நஷ்டம்?

ஆண்களுக்கும் இப்போது சிகிச்சை நடக்கிறது. அதற்கு மயக்க மருந்து வேண்டாம். 2024இல் வந்த ‘தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்’ படத்தில் ஐம்பது வயது விஜய்யை இளைஞனாக்க அமெரிக்காவில் கணினி வேலை நடந்தது. அப்பா விஜய்க்கு மனைவி சினேகா. மகன் விஜய்க்கு ஜோடி, 1997இல் பிறந்த மீனாட்சி சௌத்ரி. கத்தி படாத இந்த அறுவை சிகிச்சைக்கான செலவைத் தயாரிப்பாளர் ஏற்கிறார். ரசிகர்கள் தொழில்நுட்பத்தை வியக்கிறார்கள். முகம் மாறிவிட்டதே என்று யாரும் ஒப்பாரி வைப்பதில்லை. இதே வேலையை ஒரு நடிகை தன் சொந்தக் காசில், தன் சொந்தத் தோலில், தன் சொந்த வலியில் செய்துகொண்டால் அதற்குப் பெயர் மோசடி.

2024இல் வந்த ‘தி சப்ஸ்டன்ஸ்’ இதையே ரத்தமும் சதையுமாகக் காட்டிய படம். ஐம்பதாவது பிறந்தநாளில் வேலை போன தொலைக்காட்சி நட்சத்திரம் ஒரு மருந்தைப் போட்டுத் தன் முதுகிலிருந்தே ஓர் இளம்பெண்ணைப் பிரசவிக்கிறாள். அந்த நட்சத்திரமாக நடித்த டெமி மூருக்கு 62 வயதில் கோல்டன் குளோப் கிடைத்தது. ஆஸ்கரில் அவரைத் தாண்டி விருது வாங்கியவருக்கு வயது 25. ‘தி சப்ஸ்டன்ஸ்’ படத்துக்குக் கிடைத்த ஒரே ஆஸ்கர், டெமி மூரைக் கிழவியாக்கிக் காட்டிய ஒப்பனைக்கு.

இந்திய விருதுப் பட்டியலும் அடுத்த வருடம் வந்தது. 2025 ஆகஸ்டில் அறிவித்த தேசிய விருதுகளில் சிறந்த நடிகர் இருவர். அவர்களில் ஒருவர், நம் அட்லி இயக்கிய ‘ஜவான்’ படத்துக்காக ஷாருக் கான். அதில் அப்பாவும் அவரே, பிள்ளையும் அவரே. பிள்ளை ஷாருக்கை வளர்த்த தாயாக நடித்த ரித்தி டோக்ரா 1984இல் பிறந்தவர். ஷாருக் 1965. ‘தளபதி’யில் மூன்று வருடமாக இருந்த இடைவெளி இப்போது பத்தொன்பது. சிறந்த நடிகை விருது நாற்பதைக் கடந்த ராணி முகர்ஜிக்குப் போனது. அந்த வகையில் நல்ல செய்திதான்.

ஊர்வசிக்கோ ‘உள்ளொழுக்கு’ படத்தில் நடித்ததற்குத் துணை நடிகை விருது. அந்த மலையாளப் படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கதையைத் தோளில் தூக்கி நடக்கும் இரண்டு பேரில் அவர் ஒருவர். முகத்தில் எதையும் மறைக்காமல், மகனைப் பறிகொடுத்த தாயாக, வெள்ளம் சூழ்ந்த வீட்டில் பிணத்தோடு காத்திருப்பவராக நடித்திருப்பார். விருது அறிவித்ததும் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடவில்லை. நடிப்புக்கு என்ன அளவுகோல் வைத்திருக்கிறீர்கள், ஒரு வயதுக்கு மேல் போனால் இவ்வளவுதான் என்று ஏதாவது கணக்கா, பேசாமல் வாங்கிக்கொண்டு போக இது என்ன பென்ஷன் பணமா என்று தேர்வுக் குழுவைப் பார்த்துக் கேட்டார்.